முந்நூற்றுப் பதினேழாவது பாட்டு

காலை ஆறு மணிக்குப் பின்வாசல் வழியாக உள்ளே போவேன். முன்வாசல் எங்களுக்கு இல்லை. கதவு திறந்ததும் குளிர்காற்று முகத்தில் மோதும். தொண்டைக்குள் இருக்கும் மெல்லிய மடல் ஒருமுறை மூடித் திறக்கும். அது குளிருக்காக வைத்த மடல் அல்ல, அனல்காற்றுக்காக வைத்தது. பதின்மூன்று ஆண்டுகளாக வந்துபோகிறேன். இன்னும் அதற்கு இந்தக் கதவு பிடிபடவில்லை.

என் மேசை ஒலிக்காப்பகத்தின் இரண்டாம் தளத்தில், சன்னல் இல்லாத மூலையில். உட்கார்ந்ததும் செவிப்பூட்டை மாட்டிக்கொள்வேன். வெளியே மின்னுப்பளத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பாத்திகள். ஒவ்வொரு பாத்தி வரப்பிலும் ஓர் ஒலிக்கம்பம். மின்கலங்களுக்கான உப்பை வாரும் சத்தம், இருமல், ஏச்சு, பேச்சு எல்லாவற்றையும் கருவி வடிகட்டிவிட்டு, பாட்டை மட்டும் நாற்பது வினாடித் துண்டுகளாக எனக்கு அனுப்பும். கேட்ட பிறகு ஓர் எண்ணை அழுத்த வேண்டும். உடம்பில் எதுவும் நடக்கவில்லை என்றால் ஒன்று. எழுந்துபோய் யாரையாவது அடிக்கத் தோன்றினால் பத்து. இதற்குக் கிளர்மதிப்பு என்று பெயர், அழுத்துகிறவருக்குச் செவி என்று பெயர். ஏழுக்கு மேல் போனவை வேறோர் அறைக்குப் போகும். அங்கே என்ன நடக்கிறது என்று நான் கேட்டதில்லை.

இதைக் கருவியே செய்யலாமே என்று வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் கேட்டேன். கருவிக்குச் சுருதி தெரியும், தாளம் தெரியும், ஆனால் ஒரு பாட்டு வெயிலர் உடம்பில் என்ன செய்யும் என்பது தெரியாது என்றார்கள். அதற்கு ஒரு வெயிலர் உடம்பு வேண்டியிருந்தது. நான் கிடைத்தேன்.

வெயிலர் என்ற சொல் சட்டத்தில் பிறகுதான் வந்தது. அனல் ஆண்டுகளில் நகரத்தின் மேல் நிழற்கூரை போட்டார்கள். கூரைக்கு வெளியே ஐம்பத்தாறு பாகை. உப்பும் மின்தகடுகளும் அங்கேதான் இருந்தன. மரபணுவில் வெப்ப ஒட்டு போட்டுக்கொள்ளச் சம்மதித்தவர்களுக்கு வேலை கிடைத்தது. தோல் தடித்துச் சாம்பல் நிறமானது, தொண்டையில் மடல் வந்தது. ஒட்டு பிள்ளைகளுக்கும் இறங்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை என்கிறார்கள். எதிர்பார்த்தார்கள் என்றும் சொல்கிறார்கள். மூன்றாம் தலைமுறையில் சட்டம் எங்களை ஓர் இனம் என்று எழுதியது. மாலை ஆறு மணிக்குப் பிறகு கூரைக்குக் கீழே நிற்கக் கூடாது. உள்நகரத்தாரை மணக்கக் கூடாது. உள்நகரத்தில் எட்டு வயதுப் பிள்ளை கூட எங்களை ‘நீ’ என்றுதான் சொல்லும். கோபம் வந்தால் ‘கரிக்கட்டை’ என்று சொல்லும்.

நாங்கள் ஓரிடத்தில் கூடக் கூடாது என்பதும் சட்டம். மணிக்கட்டுப் பட்டை அதைப் பார்த்துக்கொள்ளும். பட்டைக்குக் கேட்காதது குரல். அதனால் கூட்டொலிச் சட்டம் வந்தது. நான்கு பேருக்கு மேல் ஒரே வரியை ஒன்பது வினாடி சேர்ந்து பாடினால் அது கூட்டம்.

உப்பளத்தில் யாரும் சேர்ந்து பாடுவதில்லை. வரி கொடுப்பார்கள். ஒருத்தி பாதி வரி பாடி நிறுத்துவாள். மீதியை அடுத்த பாத்தியில் நிற்பவள் எடுப்பாள். தன் வரியைத் தானே முடிப்பது அங்கே வழக்கம் இல்லை. அனல்காற்று அடிக்கும்போது மடல் மூடிக்கொள்ளும், வரி நடுவில் அறுந்துபோகும், பக்கத்துப் பாத்திக்காரி முடித்துவைப்பாள். அப்படித் தொடங்கியது பழக்கமாகிவிட்டது. சட்டம் வந்தபோது அது எங்களுக்குக் கைகொடுத்தது.

இந்த ஆண்டு பங்குனியில் வாருபலகைகளைக் கீழே வைத்துவிட்டார்கள். பத்தொன்பது நாள் ஒரு பிடி உப்பு வெளியே வரவில்லை. கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. நண்பகலில் நான்கு மணிநேரம் ஓய்வு, பாத்தி ஓரத்தில் ஒரு நிழற்கொட்டகை, மேற்பார்வையாளர் ‘நீங்க’ என்று பேச வேண்டும். அந்தப் பத்தொன்பது நாளும் ஒரு பாட்டுதான் பாத்தி பாத்தியாகப் போய்க்கொண்டிருந்தது.

*உன் நெழலு எங்க தோலு.*
*தோல மடிச்சு எடுத்துக்கிட்டா*
*நீ எங்க போயி நிப்ப?*

பத்தொன்பதாம் நாள் மதியம் கிழக்கு வரிசையில் நாற்பத்தொரு பேர் மூன்றாவது வரியைச் சேர்ந்து பாடிவிட்டார்கள். திட்டமிட்டா, மறந்துபோயா, இனிமேல் தாங்க முடியாமலா, தெரியாது. பதினொரு வினாடி. அந்தத் துண்டு என் செவிப்பூட்டுக்கு வந்தது. என் தங்கை அன்னக்கனியின் குரல் அதில் இருந்தது. எண்ணை அழுத்திய பிறகுதான் அந்தக் குரலை அடையாளம் கண்டேனா, அதற்கு முன்பேயா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். ஒன்பது என்று அழுத்தியிருந்தேன். நாற்பத்தொரு பேரையும் பிடித்தார்கள், அந்த ஒன்பதுதான் வழக்கில் முதல் ஆவணம்.

குற்றம் உறுதியானால் கடல் நடுவே இருக்கும் சிறை, கடல்மேடை. பன்னிரண்டு ஆண்டு. போனவர்களில் திரும்பி வந்தவர் ஒருவரைத்தான் எனக்குத் தெரியும். அவர் யாரிடமும் பேசுவதில்லை.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்பு திருவரசு சார் கூப்பிட்டார். ஒலிக்காப்பகத்துக்கு அவர்தான் தலைவர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. என் மேசைப் பக்கம் குளிரைக் குறைத்து வைக்கச் சொன்னவர் அவர்தான். அன்று நாற்காலியைக் காட்டி, “உக்காருங்க ஜெபக்கனி” என்றார். பதின்மூன்று ஆண்டில் முதல் ‘நீங்க’. நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தேன்.

சுற்றி வளைக்காமல் சொன்னார். பண்ணாக்கி என்று ஒரு கருவி இருக்கிறது. உப்பளத்தில் கோபம் கூடும்போது அது ஒரு பாட்டு செய்யும். கோபத்தை வெளியே விடுகிற அளவுக்குக் காரம், அதற்கு மேல் போகாது. தண்ணீர் வண்டியின் ஒலிபெருக்கியில் மற்றப் பாட்டுகளுக்கு நடுவே அதை நுழைத்துவிடுவார்கள். கேட்பவர்கள் பாடுவார்கள், மனம் ஆறும், வேலை நடக்கும். உள்ளே அதற்கு வடிகால் பாட்டு என்று பெயர். இதுவரை அறுநூற்றுச் சொச்சம் செய்திருக்கிறார்கள்.

“முந்நூத்திப் பதினேழு” என்றார். “அதான் இந்தப் பாட்டு. நாங்க செஞ்சது.”

அவர் தொடர்ந்தார். அரசுப் பதிவில் இருக்கிற பாட்டைப் பாடியவர்களைக் கூட்டொலிச் சட்டம் தொடாது. பதிவில் இருப்பதும் அவர்கள் பாடியதும் ஒன்றுதான் என்று வழக்கை விசாரிக்கும் ஆயத்தின் முன் ஒரு செவி சொல்ல வேண்டும். உள்நகரத்துச் செவி சொன்னால் வெயிலர் நம்பமாட்டார்கள்.

“நீங்க சொன்னா நாப்பத்தோரு பேரும் அன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம். உங்க தங்கச்சியும்.”

“அந்தப் பாட்டு, சார்?”

“எல்லாருக்கும் தெரிஞ்ச பிறகு அதை யாரு பாடுவாங்க?” என்றார். ஒளிக்கவில்லை. அதுதான் என்னை அதிகம் குழப்பியது. பொய் சொல்கிறவரோடு எப்படி நடந்துகொள்வது என்று எனக்குத் தெரியும்.

அன்று முற்பகலே பதிவறைக்குப் போய்த் தேடினேன். பழைய தேதி போட்டுச் செய்த பொய்ப்பதிவாக இருக்கும் என்று நினைத்தேன், இருக்க வேண்டும் என்று விரும்பினேன். முந்நூற்றுப் பதினேழு இருந்தது. மூன்று ஆண்டுக்கு முந்தைய தேதி. வெளியிடுவதற்கு முன் சோதித்த செவியின் பெயர், கைவிரல் ரேகை, மதிப்பெண். ரேகை என்னுடையது. மதிப்பெண் ஐந்து.

எனக்கு நினைவில்லை. ஒரு நாளைக்கு இருநூறு துண்டு கேட்கிறவள். உப்பளத்திலிருந்து வந்த துண்டு எது, பண்ணாக்கியிலிருந்து வந்த துண்டு எது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. பண்ணாக்கி எதைக் கேட்டுக் கற்றுக்கொள்கிறது என்றும் அந்தப் பதிவின் கீழேயே எழுதியிருந்தது. நான் பதின்மூன்று ஆண்டாக அழுத்திய எண்களை. என் உடம்பு எங்கே சிலிர்த்தது, எங்கே சும்மா இருந்தது என்பதை வைத்துத்தான் அது பாட்டுக் கட்டியிருக்கிறது. அப்படியானால் அது யாருடைய பாட்டு?

மறுநாள் காலை அன்னக்கனியைப் பார்க்கப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அவள். உள்ளே குளிர் அதிகம், உதடு வெடித்திருந்தது. சாப்பாட்டைப் பற்றிக் கேட்டேன். பழைய சோற்றைக் கூட இவர்களால் கெடுக்க முடிகிறது என்றாள். பிறகு திருவரசு சார் சொன்னதைச் சொன்னேன்.

“அவன் பொய் சொல்லுதான்க்கா.”

“நான் பாத்தேன்ட்டி. பதிவு இருக்கு. மூணு வருசத்துக்கு முந்தினது.”

அவள் என் நெற்றியைப் பார்த்தபடி இருந்தாள். அழுவாள், அல்லது கண்ணாடியில் அடிப்பாள் என்று நினைத்தேன்.

“அதுக்கு நீ என்ன மார்க்கு போட்ட?”

நான் எதிர்பார்க்காத கேள்வி. “அஞ்சு” என்றேன்.

“அஞ்சு” என்று சொல்லிப் பார்த்தாள். “நாங்க பாடுனதுக்கு?”

“ஒம்போது.”

அவள் சிரித்தாள். உதட்டில் ரத்தம் வந்தது, துடைக்கவில்லை. “ரெண்டும் ஒண்ணுன்னா அந்த நாலு மார்க்கு எங்கயிருந்து வந்துச்சு?”

ஆயத்தில் என்ன சொல்லட்டும் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. பேச்சித்தாய்க்கு இது எட்டாம் மாதம் என்று மட்டும் சொன்னாள். பேச்சித்தாய் அவளுக்கு அடுத்த பாத்தி. கடல்மேடையில் பிறக்கிற பிள்ளை கடல்மேடைக் கணக்கில்தான் வரும். அதை அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எழுந்து போகும்போது திரும்பி, “அஞ்சுங்கா பாரு எங்க அக்கா” என்று பக்கத்தில் நின்ற காவல்காரியிடம் சொன்னாள். காவல்காரிக்கு ஒன்றும் புரியவில்லை.

மேசைக்குத் திரும்பி, பண்ணாக்கியின் துண்டையும் அந்தப் பத்தொன்பது நாளில் உப்பளத்திலிருந்து வந்த வெட்டாத மூலப்பதிவுகளையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். ஒரே சொற்கள். ஒரே மெட்டு. பண்ணாக்கியின் குரல் எங்கள் குரல் போலவே கரகரத்தது. ஆனால் அது மூன்று வரியையும் ஒரே மூச்சில் பாடியது. தானே தொடங்கி, தானே கேட்டு, தானே முடித்தது. உப்பளத்தில் ‘எடுத்துக்கிட்டா’ என்பதோடு ஒருத்தி நிறுத்துகிறாள். பிறகு காற்று. இரண்டு வினாடி, சில நாள் மூன்று. அடுத்த பாத்திக்காரி எடுப்பாளா, பயந்து விட்டுவிடுவாளா என்று தெரியாத மூன்று வினாடி. பிறகு தூரத்திலிருந்து வேறொரு குரல், ‘நீ எங்க போயி நிப்ப?’ ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் என் கழுத்து மயிர் எழுந்தது. சொல் எதுவும் இல்லாத இடத்தில்.

பண்ணாக்கிக்கு அந்த வெற்றிடத்தைச் செய்யத் தெரியவில்லை. பாட்டை மட்டும் வடிகட்டித்தான் எனக்கு அனுப்புகிறார்கள். மௌனம் நீளமாக இருந்தால் கருவி அதைக் குறைபாடு என்று வெட்டிவிடும். பதின்மூன்று ஆண்டாக நான் மதிப்பெண் போட்டதில் முக்கால்வாசி வெட்டுப்பட்ட பாட்டுகள்.

ஆகவே இரண்டும் ஒன்றல்ல. அதை ஆயத்தின் முன் விளக்கவும் என்னால் முடியும். பாட்டு எங்களுடையது என்று ஆகும். பாடிய நாற்பத்தொரு பேரும் கடல்மேடைக்குப் போவார்கள்.

இன ஒழுங்கு ஆயத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு துண்டுகளையும் ஓட்டினார்கள். அவர்கள் ஓட்டியதிலும் மௌனம் வெட்டப்பட்டிருந்தது. நடுவில் இருந்தவர், வயதான பெண், சலிப்பாகக் கேட்டார்.

“இரண்டும் ஒன்றா?”

அடைப்புக்குள் நின்ற நாற்பத்தொரு முகங்களைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். ஒரு வயிறு மட்டும் கண்ணில் பட்டது.

“ஒன்றுதான்.”

மாலைக்குள் விட்டுவிட்டார்கள். வாசலில் நின்றேன். பேச்சித்தாய் என் கையைத் தொட்டுவிட்டுப் போனாள். அது நன்றியா, எனக்காகப் பரிதாபமா, தெரியவில்லை. அன்னக்கனி என்னைக் கடந்து போனாள். முகத்தைத் திருப்பவும் இல்லை, பார்க்கவும் இல்லை. வழியில் நிற்கும் கம்பத்தைக் கடப்பது போலப் போனாள்.

மறுநாள் தண்ணீர் வண்டிகள் எல்லாம் செய்தியைச் சொல்லிக்கொண்டு போயின. பாட்டை இயற்றியது அரசுக் கருவி, உறுதி செய்தது உங்களில் ஒருத்தி. என் பெயரும் வந்தது. குடியிருப்பில் யாரும் என்னைத் திட்டவில்லை. குழாயடியில் என் குடத்துக்கு முறை வந்தால் நகர்ந்து வழிவிட்டார்கள், அவ்வளவுதான். திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

உப்பளத்தில் வேலை தொடங்கியது. பாட்டு இல்லை. அந்தப் பாட்டு மட்டும் அல்ல, எந்தப் பாட்டும் இல்லை. எந்தப் பாட்டை நம்புவது என்று யாருக்கும் தெரியவில்லை. முணுமுணுத்தவர்கள் கூட நடுவில் நிறுத்தி, இதுவும் அவர்கள் செய்ததோ என்று பக்கத்தில் கேட்டார்கள். என் செவிப்பூட்டுக்கு எதுவும் வரவில்லை. எதையும் வடிகட்ட வேண்டாம், மௌனத்தை வெட்ட வேண்டாம் என்று கருவியை மாற்றிவைத்து, நாள் முழுக்க வாருபலகை உரசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நாற்பத்தொரு உயிரைக் காப்பாற்றினேன் என்று ஒரு நாள் தோன்றும். இருநூறு பேரின் வாயை அடைத்தேன் என்று மறுநாள் தோன்றும். இரண்டும் சரியாக இருந்தன.

அன்னக்கனியைக் கண்காணிப்பில் வைப்பதற்காக முதல் பாத்திக்கு மாற்றினார்கள். கூரை விளிம்பை ஒட்டியது அது. அதற்கு அடுத்து பாத்தி இல்லை, எங்கள் கட்டடத்தின் பின்சுவர்தான்.

வேலை தொடங்கிய இருபத்துநான்காம் நாள், காலை பதினொரு மணி. வெப்பம் ஏறும்போது நகரத்தில் ஓர் எச்சரிக்கை ஒலிக்கும். உள்நகரத்தாருக்காகப் பதிவு செய்தது, சட்டப்படி எல்லா ஒலிபெருக்கியிலும் வர வேண்டும் என்பதால் உப்பளத்திலும் வரும். இனிமையான ஒரு பெண்குரல், சிறுபிள்ளைப் பாட்டு மாதிரி இழுத்து, ‘வெயில் ஏறுகிறது, வெயில் ஏறுகிறது, நிழலில் ஒதுங்குங்கள்’ என்று பாடும். உப்பளத்தில் ஒதுங்க நிழல் கிடையாது. யாரும் அதைக் காதில் வாங்குவதில்லை.

அன்று அது ஒலித்து ஓய்ந்த பிறகு, கோடியில் இருநூற்றுப் பன்னிரண்டாம் பாத்தியில் ஒருத்தி அதே மெட்டில் பாடினாள். வெயில் ஏறுகிறது, வெயில் ஏறுகிறது. நிறுத்திவிட்டாள். காற்று. மூன்று வினாடி, நான்கு வினாடி. அடுத்த பாத்தியில் ஒருத்தி எடுத்தாள். நிழலில் ஒதுங்குங்கள். எங்கோ யாரோ சிரித்தார்கள். பிறகு எடுத்தவளே முதல் பாதியைப் பாடி, அடுத்தவளுக்குக் கொடுத்தாள். அது பாத்தி பாத்தியாக வரத் தொடங்கியது. நான் இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

அறுபதாம் பாத்தியைத் தாண்டும்போது திருவரசு சார் வந்து பின்னால் நின்றார். இன்னொரு செவிப்பூட்டை மாட்டிக் கேட்டார். முகம் வெளிறியிருந்தது.

“இது நம்ம அறிவிப்புதானே. இதைத் தடை பண்ண முடியாது. இதுக்கு நீ என்ன போடுவ?”

மறுபடியும் ‘நீ’. நான் எண்ணை அழுத்தவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை. நாங்கள் இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம். பேச்சித்தாய் எடுத்தாள், மூச்சிரைத்தது. பத்தாம் பாத்தி, ஐந்து, இரண்டு. கடைசியில் அன்னக்கனி தனக்கு வந்த வரியை முடித்தாள். முடித்துவிட்டு முதல் பாதியைப் பாடினாள். வெயில் ஏறுகிறது, வெயில் ஏறுகிறது. நிறுத்தினாள்.

அவளுக்கு அடுத்து யாரும் இல்லை. ஒலிக்கம்பம் இருந்தது, அதன் மறுமுனையில் நான் இருந்தேன்.

ஆறு வினாடி. பத்து வினாடி. அவளும் அதை அறிவாள். மறுபடியும் அதே பாதியைப் பாடி நிறுத்தினாள். இது அழைப்பா, ஏளனமா? மீதி வரியை இந்த அறையிலிருந்து நான் சொன்னால், நிழலில் இருக்கிறவள் வெயிலில் நிற்கிறவளுக்குச் சொல்கிற அதே அறிவிப்பாகத்தான் அது இருக்கும். சொல்லாமல் இருந்தால் இருநூற்றுப் பன்னிரண்டு பாத்தியைக் கடந்து வந்த வரி என்னிடம் அறுந்துபோகும்.

செவிப்பூட்டைக் கழற்றி வைத்தேன். எங்கே போகிறாய் என்று திருவரசு சார் கேட்டார். எனக்குத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன். வேலை நேரத்தில் பின்வாசலைத் திறந்ததும் மணிக்கட்டுப் பட்டை அலறியது. பதின்மூன்று ஆண்டில் அந்த நேரத்து வெயிலில் நான் நின்றதில்லை. என் தோலும் எங்கள் தோல்தான், ஆனால் பழக்கம் விட்டுப்போயிருந்தது, எரிந்தது. வரப்பில் கால் வழுக்க வழுக்க நடந்து, பாத்தி முடிகிற இடத்தில், அவளுக்குப் பத்தடி தள்ளி நின்றேன். அவள் திரும்பவில்லை. வாருபலகையை ஊன்றி உப்பைப் பார்த்தபடி இருந்தாள். இரண்டாம் பாத்திக்காரி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். அதற்கு அப்பாலும் தலைகள் நிமிர்ந்தன.

வாயைத் திறந்தேன். அனல் உள்ளே போனதும் தொண்டை மடல் மூடிக்கொண்டது. குரல் வரவில்லை. எவ்வளவு நேரம் என்று எண்ணவில்லை. எண்ணுவதற்கு அங்கே கருவி இல்லை. பிறகு, “நிழலில் ஒதுங்குங்கள்” என்று பாடினேன். சுருதி எங்கோ போனது, கடைசி எழுத்து காற்றாகத்தான் வந்தது.

யாரும் சிரிக்கவில்லை. அன்னக்கனி வாருபலகையால் உப்பை ஒருமுறை இழுத்தாள். கட்டடத்துக்குள் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது.

“மூச்செடுக்கக் கூடத் தெரியலியேக்கா ஒனக்கு” என்றாள் உப்பிடம்.

பிறகு முதல் பாதியை மறுபடியும் பாடி, நிறுத்தினாள்.